தொட்டியில் இறங்க மாட்டேன் என்றேன்

பிள்ளைகளின் அப்பாவுக்கு, ஸ்தோத்திரம். நீங்களும் உங்கள் தொப்பையும் சுகமா? நான் சுகம்.

ஊழியத்தில் சமைக்க என்னை இங்கே கூட்டிவந்த போதகர், நேற்று தொட்டிக்கரைக்கு அழைத்தார். "அக்கா, ஞானஸ்நானத்துக்கு யாரும் வரல. காணிக்கை அனுப்புறவங்களுக்குப் படம் வேணும். சும்மா ஒருதரம் முங்குங்க."

"எனக்குத்தான் சின்னதுலயே ஆயிடுச்சே பாஸ்டர்! மறுபடி முக்கினா சாயம் போயிடும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்று காலை வேறொருத்தியை முக்கிப் படம் எடுத்தார். ஈரத்தலையோடு அவளை என் அடுப்படிக்கு அனுப்பி, "உங்க உதவிக்கு இருக்கட்டும் அக்கா" என்கிறார். இத்தனை மாதம் இல்லாத கரிசனம்! எனக்கென்னவோ சந்தேகமாகவே இருக்கிறது. நீங்கள் பயப்படாதீர்கள்.

தலைவலித் தைலம் அனுப்புங்கள். நீங்கள் தேய்த்தால் கொஞ்சம் போதும், நானே தேய்த்தால் பாதி டப்பா போகிறது.

ஓடுகிறேன், அவள் என் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

உங்கள் வாயாடி