செவ்வாய்க்கிழமைத் தாள்

இன்று காலை முனிசிபல் டிவிஷன் ஆபீசில் கலண்டர் தாளைக் கிழிக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். தாளின் அடியில் அந்த வாசகம் இருந்தது. 'பயந்துகொண்டே போனாலும் போனதாகத்தான் கணக்கு.' பத்து வருடத்துக்கு முன்னால் நம் இறால் ஷெட்டில் தொங்கியதேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. கலண்டர் அச்சடிக்கிறவர்களுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. நேற்று முழுவதும் அது சுவரில் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. வாசகங்களைப் படிப்பதை நிறுத்தி வெகுநாளாயிற்று. பலசரக்குக் கடையில் கொடுக்கும் தமிழ்க் கலண்டரை வருடாவருடம் கொண்டுவந்து மாட்டுகிறேன், காலையில் வந்ததும் ஒரு தாள் கிழிக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன், அவ்வளவுதான்.

கொச்சங்காடிக்குப் பின்னால் இருந்த அந்த ஷெட்டை இடித்துவிட்டார்கள். கட்டடம் போனதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தாளைத் தொட்டதும் அந்த ஐஸ் தண்ணீர் விரலில் ஏறியது போலிருந்தது. தகர மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இறால் உரிப்போம். அரை மணியில் விரல்கள் மரத்துவிடும், முள் குத்தினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். நான் மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நீ தென்காசிப் பக்கத்திலிருந்து பள்ளுருத்திக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழை அங்கே எல்லார் முன்னாலும் பட்டம் வாங்கியவள் மாதிரி வாசிப்பாய்.

தாளை நீதான் கிழிக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. வாசகத்தை ஒரு தடவை உரக்கப் படித்துவிட்டு வேலையில் இறங்குவாய். பத்து மணிக்குச் சாயா வரும்போது அது யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வாய். 'கோபத்தில் பேச நினைத்ததை முதலில் தண்ணீரிடம் சொல்' என்று ஒரு நாள் வந்தது. அன்று முழுவதும் எல்லாரும் சூப்பர்வைசரைப் பற்றிய மனக்குறையை ஐஸ் பேசினுக்குள் குனிந்து முணுமுணுத்தோம். அந்தச் சேட்டன் நாம் ஜெபம் சொல்கிறோம் என்று நினைத்து ரேடியோவைக் குறைத்தார். 'சின்ன வேலையை முழுதாகச் செய்தவரைப் பெரிய வேலை தேடி வரும்' என்று வந்த நாளில் நீயே சிரித்தாய்.

"நாம எத்தனை சின்ன வேலைய முழுசா செஞ்சாச்சு. பெரிய வேலைக்கு நம்ம வீடு தெரியலபோலட்டி."

சிரித்தாலும் அந்தத் தாளையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய். அந்தத் தாள்களை வைத்துத்தான் சாயா நேரத்தில் எனக்குத் தமிழ் எழுத்துகளைக் காட்டினாய்.

என் வீட்டுக்காரர் முனிசிபல் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் அந்த வேலையை எனக்குக் கேட்டு மனுக் கொடுத்திருந்தேன். அது கிடைத்தால் ஐஸ் தண்ணீரிலிருந்து கையை எடுத்துவிடலாம், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம். எல்லாம் அதில்தான் இருந்தது. சர்ட்டிபிகேட்டுகளோடு வியாழக்கிழமை நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு ஆபீஸ் என்றாலே பயம். உள்ளே போனால் பேச்சு வராது என்று உன்னிடம் புலம்பினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இந்த வாசகம் வந்தது. நீ என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாய்.

"ஏட்டி, இது உனக்குன்னே போட்டிருக்கான். நல்லாப் பாத்துக்கோ."

மறுநாள் புதன்கிழமை நீ தாளைக் கிழிக்கவில்லை. "இன்னும் ஒரு நா கெடக்கட்டும், இவ மனசுல ஏறட்டும்" என்று விட்டுவிட்டாய். வியாழக்கிழமை இரண்டு தாள் கிழித்திருக்க வேண்டும். மறந்துபோய் ஒன்றுதான் கிழித்தாய். மழைக்காலம், இறால் குவிந்துகொண்டிருந்தது. ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை. என் வீட்டில் கலண்டரும் இல்லை. சுவரில் புதன் என்றிருந்தது, நாளைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் இறால் உரித்தேன்.

மறுநாள் இஸ்திரி போட்ட புடவையோடு போய் நின்றேன். பயந்துகொண்டேதான் போனேன். "இது இன்னலெ ஆயிருந்நல்லோ" என்று கிளார்க் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று வெள்ளி, என் வியாழன் முந்தின நாளே போயிருந்தது.

நேராக ஷெட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் உன்னிடம் கத்தினேன். உன் வாசகங்களை அடுப்பில் போடு என்றேன். என் மகளுடைய படிப்பை நீ கெடுத்துவிட்டாய் என்றேன். நீ கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாய். அப்புறம் மூன்று நாள் நீ வேலைக்கு வரவில்லை. ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது நான் வேறு மேசைக்குப் போயிருந்தேன். அதன் பிறகு கலண்டரை யாரும் தொடவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, உனக்குக் காய்ச்சல் வந்தது. எலிப்பனி என்றார்கள், உன் ஊரில் எலிக்காய்ச்சல். ஷெட்டில் எல்லாரும் போகிறார்களே என்று நானும் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கண் மஞ்சளாகக் கிடந்தது.

"இன்னைக்கு என்ன கெழமட்டி?" என்று கேட்டாய்.

"வெள்ளி."

"சரியாப் பாத்தியா?"

நீ சிரிக்கப் பார்த்தாய். நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போய்விட்டாய். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வருத்தம் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அன்று மத்தியானம் ஷெட்டுக்குப் போய் இரண்டு பேசின் உரித்தேன். இதை உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்த வருடம் இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை மூன்று பேரிடம் கிழமை கேட்டுக்கொண்டு போனேன். அதே கிளார்க் என் கோப்பைப் பிரித்தார். என் மனுவோடு ஒரு கலண்டர் தாளும் குத்தப்பட்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாள்.

"ஒரு சேச்சி மூணு திவசம் இவிடெ வந்நு நின்னு. இது பைலில் வெக்காதெ போகில்லான்னு. தமிழல்லே, இவிடெ ஆருக்கும் வாயிக்கான் அறியில்லா. எந்தா எழுதியிரிக்குந்நே?"

மூன்று நாள் வந்து நின்றிருக்கிறாய். யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு தாளைக் கோப்பில் வைக்காமல் நகரமாட்டேன் என்றிருக்கிறாய். பின்பக்கத்தில் உன் கோணல் எழுத்து இருந்தது. 'ஐயா, புதன்கிழமை இந்தத் தாளைக் கிழிக்காமல் விட்டது நான். அவள் தேதியை மறக்கவில்லை, கலண்டரை நம்பினாள். இன்னொரு நாள் கொடுங்கள். அவள் பயந்துகொண்டாவது வருவாள்.'

"ஒந்நுமில்லா சாறே, கலண்டராணு" என்றேன், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. சர்ட்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இதனால்தான் எனக்கு இரண்டாவது கடிதம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. தாளைத் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை. அது இன்னும் அந்தக் கோப்பில்தான் இருக்கும். வேலை கிடைத்தது. மகள் படித்து முடித்துத் திருப்பூணித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போகிறாள். வீட்டில் ஒரு குறையும் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்காதது மட்டும் ஐஸில் இருந்த விரல் போல அப்படியே இருக்கிறது, வலியும் இல்லை, உணர்வும் இல்லை.

"எந்தா சேச்சி, கீறுன்னில்லே?" என்று இன்று பின்னால் நின்றவள் கேட்டாள். கை தாளில் இருந்தது. விரல் நுனியில் ஏதோ சுருக்கென்றது. தாளைக் கிழிக்காமல் கையை எடுத்துவிட்டேன்.

பிறகு கையெழுத்துப் போட வந்த ஒவ்வொருவரிடமும் வாசலில் நின்று சொன்னேன். "இன்னு வியாழன் கேட்டோ. கலண்டர்ல புதன் கெடக்கு, நம்பண்டா. இன்னு வியாழன்." எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியாக வந்தவரிடமும் சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுத்தேன்.

நாளைக்கு மறக்காமல் இரண்டு தாள் கிழிக்க வேண்டும்.