கரையில் நின்ற வண்டி

சிதம்பரம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்புள்ள மாப்பிள்ளை அஃப்சல் அவர்களுக்கு,

மாமா முஹம்மது இஸ்மாயில் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் உங்கள் மாமி சைதுன் பீவியும் உங்கள் பிள்ளை நுஸ்ரத்தும் சுகம். மஸ்கட்டில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராதிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோகிறது. பரங்கிப்பேட்டை ஆள் ஒருவர் அடுத்த வாரம் மஸ்கட் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவசரமில்லாமல் படியுங்கள்.

முதலில் பிள்ளை சேதி. நுஸ்ரத் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கணக்கு நன்றாக வருகிறது, தமிழில் ற-வும் ர-வும் குழப்புகிறாள். மழை நாளில் மட்டும் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். நாங்களும் வற்புறுத்துவதில்லை. சாப்பாட்டில் மீன் கேட்கிறாள். நம் வீட்டில் மீன் வாங்கி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. மீன்கார ராசம்மாள் கூடை கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். வேறு யாரிடமும் வாங்க உங்கள் மாமிக்கு மனசு வரவில்லை.

இனி வண்டி.

நீங்கள் சொன்னபடி அதைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு பெட்ரோல் வண்டி எடுக்கலாம் என்று போன மாதமே தார்ப்பாயை எடுத்தேன். பேட்டரி மாற்றி, டயருக்குக் காற்று அடித்து, உள்ளே உட்கார்ந்தேன். உங்கள் சாவி உங்களோடு போய்விட்டது. இங்கே இருப்பது என் மகள் அம்ரீன் வைத்திருந்த சாவி. அந்தச் சாவியைக் கொண்டு கிளப்பினால் டிரைவர் சீட் தானாக முன்னால் நகர்கிறது மாப்பிள்ளை. அவள் உயரத்துக்கு வைத்தது. மெதுவாக, சத்தமே இல்லாமல் நகர்ந்து, என் முழங்கால் ஸ்டீயரிங்குக்குக் கீழே முட்டும் வரைக்கும் வந்து நிற்கிறது. பட்டனை அழுத்திப் பின்னால் தள்ளி ஓட்டினேன். பெட்ரோல் பங்கில் நிறுத்தி மறுபடி கிளப்பினால் மறுபடி முன்னால் வருகிறது. என்னை எழுந்திருக்கச் சொல்வது போல இருந்தது. வீட்டில் சொன்னேன். உங்கள் மாமி கேட்டுவிட்டு உள்ளே போய் வெகுநேரம் ஓதிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறாள்.

கடலூரில் முதலில் பழைய வண்டி வாங்கி விற்கிற ராஜவேல் என்பவரிடம் போனேன். வண்டியைச் சுற்றி வந்து, நல்ல வண்டிதான், ஆனால் மூணு லிட்டர் டீசல் இன்ஜினுக்கு இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது, சர்வீஸ் செலவு ஜாஸ்தி, சென்னைக்கு அனுப்பித்தான் தள்ளவேண்டும் என்று ஆரம்பித்தார். வியாபாரி பேச்சு, நானும் மெத்தைக் கடை வைத்திருப்பவன்தானே, சிரித்துக்கொண்டேன். பிறகு பின் சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் சேறு. காய்ந்து, வெடித்து, விரல் கனத்துக்கு இருந்தது. கொஞ்சம் சுரண்டி நுனிவிரலால் நசுக்கிப் பார்த்தார்.

“பாய், இது தண்ணி குடிச்ச வண்டி. வெள்ளத்துல நின்னுட்டுதுன்னு நீங்களே முன்னாடி சொல்லியிருக்கணும்.”

ஆறு லட்சம் என்றார். சந்தை விலையில் பாதிகூட இல்லை. வண்டி வெள்ளத்தில் நின்றுபோய்த்தான் அவள் இறங்கினாள் என்றுதானே நாமும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஜனாஸா அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ அப்படிச் சொன்னார்கள், அந்தப் பேச்சே நிலைத்துவிட்டது. நீங்கள் மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று உங்கள் மாமியிடம் சொன்னதும் எனக்குத் தெரியும். “வண்டிதான் மாமி அவள ஏமாத்திட்டுது” என்றீர்களாம். டேங்க் காலியாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள், டீசல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் போயிருக்கிறாள் என்று பேசியதும் என் காதில் விழுந்திருக்கிறது. உங்கள் உம்மா சொன்னதாகச் சொன்னார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த விலைக்குக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்றுதான் பாதி மனசு இருந்தது. ஆனால் திரும்பும்போது செம்மங்குப்பம் தாண்டுகிற வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. வண்டியைக் கேவலமாகச் சொன்னது அவளைச் சொன்னது போலவே பட்டது. நியாயமான விலை வராமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறு வாரம் எக்ஸ்சேஞ்ச் எடுக்கிற ஷோரூமுக்குப் போனேன். பழைய வண்டியைச் சோதித்து விலை போடுவது சுவேதா என்று ஒரு பெண். நெல்லிக்குப்பத்துப் பிள்ளை, இன்ஜினியரிங் படித்தவள். சேறு இருப்பதை நானே முதலில் சொல்லிவிட்டேன். அவள் சாவியை வாங்கி உட்கார்ந்து கிளப்பினாள். சீட் முன்னால் போய், அவளுக்குச் சரியாக நின்றது. அவள் எதையும் அழுத்தவில்லை, நகர்த்தவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். முக்காடு இல்லை, முகமும் வேறு. ஆனாலும் வண்டிக்கு வெளியே நின்ற நான் தண்ணீர் குடிப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அரை நாள் பார்த்தாள். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து அழுக்குக் கோடு இருக்கிறதா என்று பார்த்தாள். தண்ணீர் ஏறிய வண்டியில் அது போகாதாம். சீட்டுக்கு அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா, ஒயர் முனைகள் பச்சை பூத்திருக்கிறதா, இன்ஜின் காற்று இழுக்கிற பெட்டியில் ஈரக்கறை உண்டா, கியர் ஆயில் பால் போலத் திரிந்திருக்கிறதா, எல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ஐயா, இந்த வண்டிக்குள்ள தண்ணி ஏறவே இல்ல. இன்ஜினும் தண்ணியில நிக்கல. இந்தச் சேறு கீழேருந்து ஏறினது இல்ல, மேலேருந்து விழுந்தது. ரெண்டாவது வரிசையிலயும் கடைசி வரிசையிலயும் மட்டும்தான் இருக்கு. நிறைய பேரு சேத்துக் காலோட ஏறியிருக்காங்க.”

யார் ஏறினார்கள் என்று கேட்டாள். சொன்னேன். பிச்சாவரத்துக்கு அந்தப் பக்கம் குப்பத்தில் தண்ணீர் வந்த அன்று ராசம்மாள் போன் செய்ததையும், ஆட்டோ, வேன் ஒன்றும் வரமாட்டேன் என்றபோது என் மகள் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனதையும், இரண்டு நடை ஆட்களைக் கொண்டுவந்து கிள்ளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு மூன்றாவது நடை போனதையும் சொன்னேன். அந்தப் பெண் குனிந்து விரிப்பைப் பழையபடி போட்டாள். சேற்றைக் கழுவச் சொல்லவில்லை. பதினாலரை லட்சம் எழுதினாள். பெரிய இன்ஜின் என்பதற்காகக் குறைத்தது எவ்வளவு, ஓட்டம் அதிகம் என்பதற்காகக் குறைத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னாள். வெள்ளத்துக்காக ஒரு ரூபாய் குறைக்கவில்லை. நல்ல விலை. நியாயமான விலை.

ஆனால் மாப்பிள்ளை, விலை கையில் வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. இன்ஜின் நிற்கவில்லை என்றால் அவள் ஏன் இறங்கினாள்?

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

திங்கள்கிழமை.

நேற்று குப்பத்துக்குப் போய்வந்தேன். அந்த வண்டியிலேயே போனேன். இத்தனை நாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.

ராசம்மாள் என்னைப் பார்த்ததும் அழவில்லை. வீட்டுக்குள்ளேயும் கூப்பிடவில்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் கதிர்வேல் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். மூன்றாவது நடை அவருக்காகத்தான் போனது, உங்களுக்கு நினைவிருக்கும். கால் ஊனத்தோடு, போட் இன்ஜினை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர். அன்றைக்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலாகக் கிடந்தார். நாம் போய்க் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நாம் இல்லை. அவரும் வந்து சொல்லத் துணியவில்லை.

கரை ரோட்டுக்கு என்னைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். அம்ரீன் வண்டியைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. மேட்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, லைட்டை அவர் வீட்டுப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாள். சாயங்காலம், அஸர் நேரம்தான். ஆனாலும் மழையில் எதிரில் இருக்கிற ஆள் தெரியவில்லையாம். அவர் இடுப்பளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தார். கால் தடுக்கி விழுந்ததை அந்த லைட் வெளிச்சத்தில் பார்த்து அவள் இறங்கிக் கை கொடுத்திருக்கிறாள். கையைப் பிடித்தும்விட்டார். கரை மண் அவள் காலடியில் சரிந்திருக்கிறது. இரண்டு பேரையும் தண்ணீர் இழுத்தது. அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சுரபுன்னை மரத்து வேர் கிடைத்தது.

நான் ஒன்றுதான் கேட்டேன், வண்டி ஓடிக்கொண்டிருந்ததா என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நிக்கவே இல்ல பாய். கண்ணு தெரியல, எந்தப் பக்கம் கரைன்னு தெரியல. அந்த இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துது. அந்தச் சத்தத்த வெச்சுத்தான் நான் கரை ஏறினேன். ஏறி வந்து வண்டியப் புடிச்சுக்கிட்டு அம்மா அம்மான்னு கத்தினேன். கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ள யாரும் இல்ல.”

யாரும் அதை நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. ராத்திரி முழுக்க ஆளில்லாமல் ஓடி, டீசல் தீர்ந்த பிறகு நின்றிருக்கிறது. டேங்க் காலியானது அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த குப்பத்து ஜனங்களுக்குக் காற்று அடங்கிய நேரமெல்லாம் அந்தச் சத்தம் கேட்டதாம். அவள்தான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கினார்களாம். இன்றைக்கும் மழை இறங்கினால் கரை மேட்டில் இரண்டு லைட் தெரிகிறது என்று ராசம்மாள் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியெல்லாம் இருக்காது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் அங்கே நின்றபோது, வண்டியை அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன், ஆனாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு அவள் கிளம்புமுன் உங்களுக்குப் போன் செய்தாளே, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். உங்கள் மாமி பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நம்ம வண்டி யானை மாதிரி, மூணு லிட்டர் இன்ஜின், எந்தத் தண்ணியிலயும் நிக்காது, தைரியமா போ என்று நீங்கள் சொன்னதைக் கேட்டாள். அது எங்களுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக நீங்கள் ஊருக்கு வராததும், பிள்ளையோடு வீடியோவில் பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்காததும் எதனால் என்று நாங்கள் தனியாக இருக்கும்போது பேசிக்கொள்வோம். உங்களைக் குறையாக ஒருநாளும் பேசியதில்லை. அவள் கேட்டது உங்களிடம் சம்மதமா? செருப்பை மாட்டிக்கொண்டுதான் போன் செய்தாள். நீங்கள் போகாதே என்றிருந்தாலும் போயிருப்பாள். பெற்றவனுக்குத் தெரியாதா?

நீங்கள் சொன்னது பொய்யாகவில்லை மாப்பிள்ளை. வண்டி நிற்கவில்லை.

வண்டியை உங்கள் பெயரிலிருந்து மாற்ற நீங்கள் வரத் தேவையில்லாதபடி அதிகாரப் பத்திரம் எழுதி, தூதரக முத்திரை வைத்து அனுப்பியிருந்தீர்கள். ஷோரூமில் அது போதும் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போடுவார் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்காமல் சொன்னதற்குக் கோபப்படாதீர்கள். இந்த விலை மாதக் கடைசி வரைக்கும் நிற்கும் என்று சுவேதா சொல்லியிருக்கிறாள். அது தவறிப்போய் விலை குறைந்தாலும் பரவாயில்லை.

உங்கள் உம்மா உங்களுக்குப் பெண் பார்ப்பதாகக் கேள்விப்பட்டோம். நல்லபடி அமையட்டும். வயசு இருக்கிறது, தனியாக இருக்கக் கூடாது. வருகிற பெண்ணும் எங்களுக்கு மகள்தான். இதை உங்கள் மாமி எழுதச் சொன்னாள். எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நுஸ்ரத்தை எங்களிடமிருந்து பிரித்துவிடாதீர்கள் என்று எழுதச் சொல்லவில்லை. அதை நானாக எழுதுகிறேன்.

இன்று காலை ராசம்மாள் வந்தாள். கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கிவைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் மாமி போய் வஞ்சிரம் வாங்கினாள். எவ்வளவு என்று கேட்டதற்கு ராசம்மாள் காசு வேண்டாம் என்று கையை அசைத்தாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் கடைக்குப் போகவில்லை.

மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள். வாப்பா வருவார் என்று பிள்ளையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் டிக்கெட் போட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். போகிற வழி, வருகிற வழி எல்லாவற்றிலும் இறைவன் உங்களைக் காத்து, எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.

உங்கள் முகம் பார்க்கக் காத்திருக்கும்
மாமா
முஹம்மது இஸ்மாயில்