மலர் தானாகப் படித்த முதல் வரி

கிள்ளான்
வெள்ளிக்கிழமை மாலை

அன்பு மகள் குளோரியாவுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் தம்பி பிரையனும் ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே உண்டு உறங்கி நன்றாக இருக்கிறோம். நீயும் டப்ளின் குளிரில் சளி இருமல் எதுவும் அண்டாமல் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்லும்போது உன் பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம். வாட்சப் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ குறுக்கே விழுந்து கத்த ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது. அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், அது உன் சின்ன வயதுப் பழக்கம் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு இருக்கிற சந்தோஷத்தில் கை நிதானமாக ஓடமாட்டேன் என்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குக் கண் அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பார்வை பளிச்சென்று வந்துவிட்டது. இப்போது வீட்டில் எந்த மூலையில் ஒட்டடை தொங்குகிறது என்று எனக்கே காட்டுகிறார், ஏன்தான் அறுவை செய்தோமோ என்றிருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய் உனக்கு இரண்டு சுடிதார் எடுத்தோம், ஒன்று மயில் நீலம், இன்னொன்றின் நிறத்தைச் சொன்னால் வேண்டாம் என்பாய், அதனால் சொல்லவில்லை. முப்பது வருடம் ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர், வழியில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் புதிதாகப் பார்ப்பவர் போலச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார், எதிரே இருந்த சீனப் பெண் சிரித்துவிட்டாள். பிரையனுக்கு ஷா ஆலம் தொழிற்சாலையில் மறுபடி இரவு ஷிப்ட் போட்டிருக்கிறார்கள். வீட்டில் சமைத்ததை அப்படியே வைத்துவிட்டு வழியில் பர்கர் வாங்கித் தின்றுவிட்டு வருகிறான். நீ சொன்னால் கேட்பான், ஒரு வார்த்தை சொல்லிவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாற்றல் கிடைத்துவிட்டது. ஆமாம், ஒன்பது வருடமாக எனக்காக நீ கணினியில் நிரப்பி அனுப்பிய அந்த மாற்றல்தான். டப்ளினுக்குப் போன பிறகும் நினைவாக நிரப்பினாய், நான் பாஸ்வர்டை மறந்துவிட்டு முழித்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாரத்துக்கு முன்பு கடிதம் வந்தது, அதுவும் நம் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பள்ளிக்கு. உடனே உன்னிடம் சொல்லாதது என் தவறுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படத்தோடு அனுப்பி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். போன வருடம் மழையில் பள்ளிக்குப் போகும்போது பந்திங் சாலையில் லோரிக்கு வழிவிடப் போய் என் கார் கால்வாயில் இறங்கியதே, அன்றைக்கு நீ போனில் அழுத அழுகையும், மாற்றல் வந்தால் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வேன் என்று நான் உனக்குச் செய்து கொடுத்த சத்தியமும் எனக்கு மறக்கவில்லை. கடிதம் வந்தபோது நானும் துள்ளத்தான் துள்ளினேன். போகவர எழுபது கிலோமீட்டர் இனி இல்லை, காலையில் ஆறரை வரை தூங்கலாம் என்று கணக்குப் போட்டேன். தலைமையாசிரியர் ஜெயராஜ் முகம் சற்று வாடினாலும் பெருந்தன்மையாக வாழ்த்தினார். சம்மதக் கடிதத்தை இன்றைக்கு, அதாவது வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள், அவரிடம் கொடுத்துவிட வேண்டும், சனிக்கிழமை பெற்றோர்களோடு ஒரு விருந்து வைத்துவிடலாம், பிள்ளைகளிடம் அதுவரை மூச்சு விட வேண்டாம் என்றார்.

என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் மொத்தமே ஏழு பிள்ளைகள். அவர்களில் மலர் என்று ஒருத்தியைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன், அவளுடைய அம்மா செம்பனைக் கன்றுப் பண்ணையில் வேலை செய்கிறவள், மகளை ஆறே முக்காலுக்கே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். மலருக்கு எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. இரண்டு வருடம் அப்படியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே முகம் இறுகிவிடும். அதனால் ஏழு மாதமாக நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மணி அடிப்பதற்கு முன் எங்கள் இருவருக்கும் அரை மணி நேரம் கிடைக்கும். எழுத்துள்ள எதையாவது வீட்டிலிருந்து கொண்டுவா என்றேன். ஊதுபத்தி அட்டை, பெருங்காய டப்பா, கல்யாணப் பத்திரிகை, அப்பளப் பொட்டலம் என்று பை நிறையக் கொண்டுவருவாள். எங்கே எழுத்தைப் பார்த்தாலும் நின்று படிக்காமல் நகரக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத் தடுமாறிச் சொல்வாள், ஒரு முழு வரி மட்டும் வந்ததேயில்லை.

திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வழியாகப் போகிறேன், உள்ளே இருந்து யாரோ எழுத்துக் கூட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஸ்கிப்பிங் கயிறு எடுக்கப் போன மலர், மேசைகள் மேல் விரித்துப் போட்டிருந்த ஒரு நீளமான மஞ்சள் பேனரின் முன்னால் நிற்கிறாள். ஜெயராஜ் சார் சனிக்கிழமை விருந்துக்காக அடித்து, மடிப்பு போகட்டும் என்று விரித்து வைத்திருந்திருக்கிறார். பிள்ளைகளிடம் மூச்சு விடாதீர்கள் என்று எனக்குச் சொன்ன மனிதர் கதவைப் பூட்டவில்லை. மலர் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். எங்கள், மகதலேனா, டீச்சர், போய், வாருங்கள். என் பெயரிலேயே இரண்டு முறை தடுக்கி விழுந்தாள், எழுந்தாள், கடைசி எழுத்து வரை போய்ச் சேர்ந்துவிட்டாள். குளோரியா, நான் சொன்னால் நம்புவாயோ மாட்டாயோ, அதில் என்ன எழுதியிருந்தது என்பது அந்த நிமிடம் எனக்கு உறைக்கவே இல்லை. மலர் ஒரு முழு வரி படித்துவிட்டாள் என்பது ஒன்றுதான் தலையில் இருந்தது. நோட்டுகளைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன். அவள் திரும்பிப் பார்த்து, டீச்சர் நீங்க எங்க போறீங்க என்று கேட்டாள்.

மறுநாள் காலை வந்து உட்கார்ந்தாள், பையைத் திறக்கவில்லை. படி என்றேன். மாட்டேன் டீச்சர், படிச்சா கெட்டதுதான் வருது என்றாள். இருபத்தெட்டு வருடம் இந்த வேலையில் என்னென்னவோ கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. செவ்வாய் போனது, புதன், வியாழனும் போனது, ஒரு சொல்லும் படிக்கவில்லை. அவளுடைய அம்மா வந்து, வீட்டுல காலண்டரைக்கூட சுவத்துப் பக்கமா திருப்பி மாட்டிட்டா டீச்சர், இவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஜெயராஜ் சார், புது டீச்சர் வந்தா சரியாயிடும்லா, பிள்ளைங்க மனசு ரெண்டு நாள்ல மறந்துடும் என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தெரியும், புதிதாக வருகிறவருக்கு இவள் ஏன் படிக்க மறுக்கிறாள் என்பதே தெரியாது, மந்தமான பிள்ளை என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்ப்பார். அந்தப் பூட்டை நான்தான் போட்டேன், சாவி வேறு யாரிடமும் இல்லை. நேற்று இரவு முழுக்கப் புரண்டேன். ஒரு பக்கம் உனக்குக் கொடுத்த வாக்கு, இன்னொரு பக்கம் இந்தப் பிள்ளை. அப்பாவிடம் சொன்னேன். நீ எந்தப் பக்கம் போனாலும் சரி, நான் காலைல காரு டயரைப் பாத்துடறேன் என்றார். நடந்து போகிற பள்ளிக்கு டயர் எதற்கு, அதிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இன்று காலை மலர் வழக்கம்போல வந்து என் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் படி என்று சொல்லவில்லை. வெண்பலகையில் பெரிதாக ஒரு வரி எழுதினேன். மகதலேனா டீச்சர் எங்கும் போகவில்லை, திங்கட்கிழமையும் வருவார். எழுதிவிட்டு என் மேசையில் போய் நோட்டு திருத்துகிறமாதிரி உட்கார்ந்தேன். எந்த நோட்டைத் திருத்தினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. அவள் முதலில் ஓரக்கண்ணால் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பினாள். ஆனால் படிக்கத் தெரிந்துவிட்ட கண் சும்மா இருக்காது, அதை அவளாலும் தடுக்க முடியவில்லை. உதடு அசைந்தது. போகவில்லை என்ற இடத்தில் போக என்று நின்றுவிட்டாள். உதவி செய்யத் துடித்த நாக்கைப் பல்லுக்கு இடையில் பிடித்துக்கொண்டேன். அவள் எழுந்து பலகைக்கே போய் விரலை வைத்து வி, ல், லை என்று கூட்டினாள். அப்புறம் வரியின் தொடக்கத்துக்கு ஓடி வந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்தாள். மறுபடியும் படித்தாள். மூன்றாம் தடவை சத்தம் அடுத்த வகுப்புக்குக் கேட்டிருக்கும். திரும்பி, இது நெசமா டீச்சர் என்றாள். எழுதினது நான்தானே என்றேன். அதற்கு அந்த வாண்டு, அப்ப பெரிய சார்கிட்ட சொல்லிட்டீங்களா என்று கேட்டாளே பார்க்கலாம்.

சொல்லியிருக்கவில்லை. பிள்ளைக்கு எழுதிக் காட்டியதைப் பொய்யாக்கவா முடியும். மார்க்கரை வைத்துவிட்டு நேரே அலுவலகத்துக்கு நடந்தேன், அவளும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள். சம்மதம் இல்லை என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜெயராஜ் சார் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். டீச்சர், பேனர் அடிச்சாச்சு, அறுபது பேருக்குப் பிரியாணி சொல்லியாச்சுலா என்றார். பிரியாணியை நிறுத்த வேண்டாம் சார், பேனரை மட்டும் மடித்து வையுங்கள், ஏழு வருடம் கழித்து நான் ஓய்வு பெறும்போது ஆகும் என்றேன். அவர் சிரித்துவிட்டார், கண்ணும் கலங்கியிருந்தது.

இப்போது நீ கத்தலாம். சத்தியத்தை மீறினேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், வெறும் வாய் வார்த்தையாக அல்ல. நீ பயப்படுவது சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் மதியமே சீதாலெட்சுமி டீச்சரிடம் பேசிவிட்டேன், அவளும் கிள்ளானிலிருந்துதான் வருகிறாள், திங்களிலிருந்து ஒரு நாள் அவள் கார், ஒரு நாள் என் கார். மழை பலமாக இருந்தால் நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருப்போம், தாமதமானால் ஜெயராஜ் சார் வகுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நீ விரும்பியதெல்லாம் அம்மா பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதானே, அதை வேறு வழியில் செய்கிறேன். மாற்றல் கிடைக்காத எட்டு வருடமும் யாருக்கும் தெரியாமல் நான் அழுதிருக்கிறேன் மகளே. கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்றைக்குச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இது ஏனென்று எனக்கே முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. நீயும் ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்த பிறகும் அந்த முதியவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்ததாகச் சொன்னாயே, உனக்குத் தெரிந்திருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைத் தின்றே காலம் தள்ளாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னை நிழல் போலக் காப்பாற்றுவாள், நல்ல உடம்பும் நல்ல மனமும் நீண்ட ஆயுளும் பெற்று நீ வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிறு டூட்டி முடிந்ததும் கூப்பிடுகிற வழக்கத்தை மாற்றிக்கொள், அந்த நேரம் இங்கே திங்கட்கிழமை விடிகாலை. இதுவரை போல வண்டி ஓட்டிக்கொண்டே நான் போனை எடுக்க மாட்டேன். பந்திங் சாலையில் போய்க்கொண்டிருப்பேன், ஆறே முக்காலுக்கு ஒருத்தி வந்துவிடுவாள்.

என்றும் உன் அன்பு அம்மா,
மகதலேனா