வளைந்து போகும் மதில்

ஜூபா,
ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் கிடெனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நான் சுகம், முழங்கால் வலி மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. அடிலெய்டு குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ கேட்டதற்கெல்லாம் எல்லாம் சரிதாம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியில்லாததையும் எழுதிவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முன்வீட்டை வெளிநாட்டு நிவாரண அமைப்புக்கு வாடகைக்கு விட்டது உனக்குத் தெரியும். உன் நர்சிங் படிப்பு அந்த வாடகையில்தான் நடக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. குடியிருப்பவள் செனகல்காரி, பெயர் அவா, உன் வயதுதான் இருக்கும். அவள் வருவதற்கு முன்பே அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி சாக்கியூசா வந்துவிட்டார். ஃபிஜித் தீவுக்காரர், பழைய போலீஸ், நம் வாசல்நிலையில் குனிந்துதான் நுழைவார். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, மதில்மேல் முள்கம்பிச் சுருள், வாசலில் இரவும் பகலும் காவலாளி. உன் பழைய அறைக்கு இரும்புக் கதவு போட்டு, ஆபத்து வந்தால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் அறையாக ஆக்கினார்கள். நீ சுவரில் கிறுக்கிய ஒட்டகச்சிவிங்கி இன்னும் இருக்கிறதாம், அவா சொன்னாள். கடைசியாக, வளாகத்துக்குள் வெளியாள் இருக்கக் கூடாது என்று என் பின்வீட்டுக்கும் முன்வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். வெளியாள் என்றால் நான்தான்.

கொத்தனார் கயிறு பிடித்து நேர்கோடு போட்ட அன்று நான் கோன்யோ கோன்யோ சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நம் முற்றத்தில் இருந்த உன் அம்மாவின் கல்லறை அந்தப் பக்கம் போய்விட்டது. மரச்சிலுவையைக் கரையான் அரித்துவிட்டதால் எடுத்துவிட்டிருந்தேன், இரும்பில் செய்யச் சொன்னது இன்னும் பட்டறையில் கிடந்தது. வெறும் சிமெண்டு மேடையைப் பார்த்து, தண்ணீர்த் தொட்டி வைக்கப் போட்டது என்று கொத்தனார் நினைத்துக்கொண்டாராம். அதன் பிறகு ஞாயிறு பூசை முடிந்து உன் அம்மாவைப் பார்க்க நான் தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போய், 'விருந்தினர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். காவலாளி வேறு யாருமில்லை, நம் தெரு லாடோதான். "மாமா, ஆயுதம் எதாச்சும் வச்சிருக்கியா?" என்று சட்டைப்பையைத் தடவுவான். "இருக்குடா, உங்கம்மா குடுத்த அசீதாக் களி, வயித்துல குண்டு மாதிரி கிடக்கு" என்பேன். சிரிப்பான், ஆனால் தடவுவதை நிறுத்தமாட்டான். இரும்புச் சிலுவை தயாரானதும் எடுத்துக்கொண்டு போனேன். இரும்புச் சாமானுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றான். அனுமதி வரவே இல்லை.

மாலையில் அவர்களுக்கு ரேடியோ அழைப்பு உண்டு. அலுவலகத்திலிருந்து ஒவ்வொருவரையும் கூப்பிடுவார்கள், பத்திரமாக இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். கல்லறைப் பக்கம்தான் தெளிவாகக் கேட்கிறது என்று அவா அங்கே வந்து நிற்பாள். மதிலுக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி. தன் பதிலைச் சொல்லி முடித்ததும் "பாபா, இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன் மகளே, நல்லாக் கேக்குது" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. சில நாள் நான் வாய் திறந்தது அதற்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

போன மாதம் ஒரு மாலை ஆற்றுப் பாலத்துப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, பிறகு நம் தெருவுக்கே வந்துவிட்டது. அவா உன் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். லாடோவின் ரேடியோ முழுச் சத்தத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது, ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள், முடிவில் எல்லோரும் பத்திரம் என்றது. அந்த எல்லோரில் நான் இல்லை. அது தப்பில்லை கிடென், அவர்கள் பொறுப்பில் நான் கிடையாது. ஆனாலும் கட்டிலடியில் கிடந்து அதைக் கேட்பது ஒரு மாதிரியாக இருந்தது. சுடுவது நிற்கவில்லை, அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் "பாபா, இருக்கீங்களா?" என்று குரல். கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். பைத்தியமா உனக்கு, உள்ளே போ என்று கத்தினேன். "பதில் சொல்லுங்க, போறேன்" என்றாள். சொன்னேன், போனாள். விடிந்து பார்த்தால், அவள் நின்ற இடத்துக்குப் பின்னால், முன்வீட்டுச் சுவரில் அவள் தலை உயரத்துக்கு ஒரு குண்டு துளைத்திருந்தது.

சாக்கியூசா வந்தார். அவளைத் திட்டிவிட்டு என்னிடம் வந்தார். "பெரியவரே, நீங்க பதில் சொல்ற வரைக்கும் அந்தப் பொண்ணு வெளிய வருவா. அடுத்த தடவை குண்டு சுவத்துல படாது. வாடகை ஒப்பந்தம் தொடரணும்னா பின்வீட்டைக் காலி பண்ணுங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். கம்பாலாவில் உன் அண்ணன் வானியிடம் போங்கப்பா என்று நீயும் சொல்கிறாய். ஆனால் என் பெண்டாட்டியை உங்களிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அழைத்துப் போனேன். போனதும் அவர் அந்த மேடையிலேயே கால் வைத்து நின்று மதிலை அளக்கத் தொடங்கினார். விஷயத்தைச் சொன்னதும் காலை எடுத்து, தொப்பியைக் கழற்றினார். "எங்க அம்மாவும் வீட்டு வாசலுக்கு எதிர்லதான் இருக்காங்க" என்றார். அப்புறம் மேடையைச் சுற்றி அளந்தார்.

மதிலை இடித்து, கல்லறையைச் சுற்றி வளைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். உன் அம்மா இப்போது என் பக்கம், சிலுவையும் நட்டாகிவிட்டது. நானும் இங்கேயே இருக்கலாம். அதற்கு நானாகவே ஒரு வாக்குக் கொடுத்தேன், அந்தப் பெண்ணுக்கு இனி பதில் சொல்வதில்லை என்று. லாடோவிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். அப்படியும் முதல் நாள் மாலை கேட்டாள், இருக்கீங்களா என்று. சிமெண்டின்மேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் கேட்டாள். இப்போதெல்லாம் கேட்பதில்லை, அலுவலகத்துக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். நல்ல பிள்ளை, பத்திரமாக இருக்கட்டும்.

நீ கம்பாலாவைப் பற்றி இனி பேச வேண்டாம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வானியிடம் கோபத்தை வளர்க்காதே. உன் வயிறும் வீடும் நிறைய ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், உன் அம்மாவின் ஆசியும் இதோ பக்கத்திலிருந்தே சேர்த்து அனுப்புகிறேன். ஒன்றை மறக்காதே. நீ இரவு வேலைக்குப் போகும் நாட்களில் நடுவே டீ குடிக்கும் நேரம் இங்கே மாலை. அப்போது ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன், எடுத்தால் உனக்குக் காசு போகும். திருப்பி ஒன்று கொடுப்பேன், அது பதில்.

இருக்கிறேன் மகளே,
உன் அப்பா
பித்தியா