மூன்றாம் நாளுக்கு ஒரு குலுக்கல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார், அதனால்தான் கடிதம். மாடிக் குழாய் ஒருவழியாகச் சரியாயிற்று, கீழ் வீட்டுக்காரி இப்போது முகம் கொடுத்துப் பேசுகிறாள்.

அரசாங்க லாட்டரி ஆரம்பித்த கதையைச் சின்ன வயதில் அப்பா உனக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி கட்டக் கஜானாவில் பணமில்லை, அதனால் சீட்டு விற்றார்கள், பரிசு போக மிஞ்சுவதெல்லாம் ஆஸ்பத்திரிக்கே என்று சட்டம் போட்டார்கள். தோற்றவங்க வெச்ச செங்கல்டி இது என்று ஆஸ்பத்திரிச் சுவரைத் தட்டிக் காட்டுவாரே. குலுக்கல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர், ஆபீஸ் ஆட்கள் சீட்டு வாங்கக்கூடாது என்பதால் நம் வீட்டுக்குள் ஒரு சீட்டுகூட நுழைந்ததில்லை. பிறகு வந்தவர்கள் சட்டத்தை மாற்றி அந்தப் பணத்தைப் பொதுக் கஜானாவில் சேர்த்துவிட்டார்கள். பாலத்துக்குப் போகிறதோ பஸ்ஸுக்குப் போகிறதோ, ஆஸ்பத்திரிக்கு மட்டும் வருவதில்லை. அப்பா எழுதிய மனு எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

இப்போது அதே ஆஸ்பத்திரியில் அவர் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் வார்டில் நாலு மெஷின் ரிப்பேர். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்குத்தான் இனி வாரம் மூன்று நாள், மற்ற நாலு பேருக்கு இரண்டு நாளோடு சரி என்று போன வாரம் டாக்டரம்மா சொல்லிவிட்டார். எல்லாருக்கும் ஒரே நிலைமை, யாரை விடுவது என்று தெரியாமல் அவருக்கே கண் கலங்கிவிட்டது. உடனே உன் அப்பா, சீட்டுப் போட்டுப் பார்த்துடலாம்மா, நானே எடுக்கறேன் என்றாரே பார்க்கலாம். லாட்டரி ஐயா கை சுத்தம்னு எல்லாருக்கும் தெரியும் என்று பக்கத்துக் கட்டில் தையல்காரரும் ஒத்து ஊதினார்.

மருந்து டப்பாவில் பன்னிரண்டு பெயர், முதலில் வரும் எட்டுக்கு மூன்றாம் நாள். அப்பா ஆபீஸ் வழக்கப்படி சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, இரண்டு உள்ளங்கையையும் எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். அவர் முகத்தில் அத்தனை களையைப் பார்த்துப் பல மாதம் ஆகிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் கணீரென்று வாசித்தார். அடுத்தவர் பெயர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன், அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். எட்டும் முடிந்தது, அவர் பெயர் வரவில்லை. மிச்சச் சீட்டையும் பிரித்துக் காட்டவேண்டும், அதுவும் அவர்கள் வழக்கம். அதே குரலில் தன் பெயரையும் வாசித்துவிட்டு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. நாம சம்மதிச்சாத்தானே குலுக்கல், உங்களுக்கென்ன பைத்தியமா என்று வழியெல்லாம் கத்தினேன். நேற்று டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், இன்னொரு தடவை குலுக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். கிடைச்ச எட்டுப் பேர்ல யார்கிட்டம்மா திருப்பிக் கேட்பேன் என்றார். திரும்பி வந்துவிட்டேன். இந்த மெஷின் உள்ள அடுத்த ஊருக்கு ஆறு மணி நேரப் பயணம், அவர் உடம்பு தாங்காது. இந்த ஒரு வாரத்திலேயே அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாதாம், செம்பை ஒளித்து வைக்கிறேன், வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும் சொல்லு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக் கோபத்தை மாப்பிள்ளைமேல் காட்டாதே, குட்டிக்குக் காது வலி என்றாயே, அசட்டையாக இருக்காதே. மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும். முக்கியமாக ஒன்று. அவளுக்கு எழுதிடாதே, போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா