அப்பாவின் முயல்கள்

1875 ஜூன் 3, லண்டன்
மழை. முயல் மசோதா கீழ்ச்சபையில் இரண்டாம் கட்டத்தைத் தாண்டிவிட்டது. குத்தகை விவசாயி தன் பயிரை மேயும் முயலைத் தானே சுட்டுக்கொள்ளலாம் — மசோதா இவ்வளவுதான். இதற்காக மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். இத்தனை வருட அரசியலில் என் பெயரில் வரப்போகும் முதல் சட்டம். அடுத்த வியாழன் கடைசி வாக்கெடுப்பு.

அப்பாவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "ஸ்கெல்மூர் முயல்கள் ஸ்கெல்மூர் பிரபுவுக்கே சொந்தம்." அந்தப் பிரபு அவரேதான்; கையெழுத்துகூடப் போடவில்லை, மனுஷன்.

ஜூன் 7
ஊரிலிருந்து தந்தி. அப்பாவுக்கு நிமோனியா. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கட்சிக் கொறடா சர் பியர்ஸ் முதலில் கேட்டது என்ன? "வியாழன் வரைக்கும் தாங்குவாராய்யா?" அறையலாம் போலிருந்தது. ஆனால் கேட்டதில் தப்பில்லை. அப்பாவின் மூச்சு நின்ற நொடியே நான் பிரபு. பிரபுவுக்குக் கீழ்ச்சபையில் இடமில்லை; மேல்சபைக்குப் போயாக வேண்டும். நான் இல்லாவிட்டால் மசோதாவைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அமைச்சர்களில் பாதிப்பேருக்கு வேட்டைதான் உயிர்.

ரயிலில் நானும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன் — வியாழன் வரைக்கும், வியாழன் வரைக்கும். சீ! பெத்த அப்பன் சாகக் கிடக்கான், எனக்கு முயல் கேக்குதா?

ஜூன் 8, ஸ்கெல்மூர்
மத்தியானம் கண் திறந்தார்.

"உனக்கு இங்க என்னடா வேலை? வியாழக்கிழமை ஓட்டு இல்ல?"

"அது கிடக்கட்டும்பா."

"கிடக்கட்டுமா? டேய், நான் இப்ப செத்தா உன் மசோதாவும் செத்துரும். கிழவன் செத்துதான் ஜெயிச்சான்னு எவனும் சொல்லக்கூடாது. எந்திரிச்சு என் சபைக்கு வந்து உன்னைத் தோக்கடிக்கிறேன் பாரு. போ, ரயிலைப் பிடி!"

இருமல் பிடித்துக்கொண்டது. என் மனைவி ஹொனோரியா என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். "கிளம்புங்க. நீங்க நின்னா அவருக்குக் கோபம்தான் ஏறும். நான் பாத்துக்கறேன்."

வாசலில் எங்கள் குத்தகைக்காரர் ஹெப்டன், தொப்பியைக் கையில் பிடித்தபடி. "பெரியவர் எப்படி இருக்காருங்கய்யா?" அவருடைய கோதுமையில் பாதி எங்கள் முயல்களின் வயிற்றில் இருக்கிறது. ஆனாலும் அவர் கேட்டது அப்பாவை.

ஜூன் 10, லண்டன்
நிறைவேறியது. இனி மேல்சபையும் ஏற்க வேண்டும். பேசும்போதெல்லாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், தந்தியோடு யாராவது வருவார்களோ என்று. யாரும் வரவில்லை.

ஜூன் 11
வந்தது. உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். "காய்ச்சல் விட்டது. சூப் சரியில்லை என்று எல்லோரையும் திட்டுகிறார். ஹொனோரியா."

அப்பாடா! மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வேலைக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

ஜூலை 15
சொன்னபடியே வந்துவிட்டார். மேல்சபையில் கீழ்ச்சபைக்காரர்களுக்கு உட்கார இடம் கிடையாது. தடுப்புக்கு இப்பால் நின்று கேட்டேன். கைத்தடியை ஊன்றி எழுந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். "என் மகன் நல்ல பையன்தான். துப்பாக்கியைத்தான் எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது." சபையே குலுங்கிச் சிரித்தது. பின்னால் நின்று நானும் சிரித்தேன்.

மசோதா ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் பிழைத்தது. வெளியே வந்தவர் என் தோளில் பாரத்தைப் போட்டார். எலும்பும் தோலுமாக இருக்கிறார். "என் சபையிலேயே தோத்துட்டேன். வண்டியைக் கூப்பிடுடா."

செப்டம்பர் 20, ஸ்கெல்மூர்
ஹெப்டன் தன் வயலில் சுட்ட முதல் முயலைப் பெரியவருக்கென்று அனுப்பியிருந்தார். எனக்குப் பக்கென்றது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் சுட்டிருக்கான்" என்று சமையலறைக்கு அனுப்பினார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அந்த முயல் குழம்பைத் துளி மிச்சமில்லாமல் தின்றார். தட்டை மறுபடி நீட்டினார்.

"ரொம்ப சந்தோஷப்படாதே. இன்னும் பத்து வருஷத்துக்கு நான் போறதா இல்ல. அதுவரைக்கும் நீ அந்தக் கீழ்ச்சபைச் சந்தைக்கடையிலேயே கிடந்து கத்து."

"சரிப்பா" என்றேன். பரிமாறுகிறவரை நிறுத்திவிட்டு, நானே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.