மேனேஜரின் வெள்ளைச் சட்டைகள்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் இழுப்பு எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல் முதலில் கேட்காமல், செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஆலை மேல் போட்ட கேஸில் ஜெயித்துவிட்டோம்! போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். இந்த ஆலைப் புகை உங்கள் மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி, உங்களை உங்கள் தம்பி வீட்டுக்கு அனுப்பி இரண்டு வருடமாயிற்றே.

முதல் தடவை நம் மனுவை ஏன் தள்ளினார்கள், நினைவிருக்கிறதா? சுத்தமான காற்று கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்றார்கள். இப்போது அது ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று சட்டமே வந்துவிட்டது. அதனால் வாசலோடு திருப்பி அனுப்ப முடியவில்லை. ஆனாலும் ஆலை மேனேஜர் கூண்டில் ஏறி, ஆலைப் பக்கத்தில் துணி காயப்போட்டால் ஒரு கரிப் புள்ளிகூட விழாது என்று சாதித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் யார்? நம் சலவைக் கடைக்கு ஏழு வருட வாடிக்கையாளர்! வாரம் ஆறு வெள்ளைச் சட்டை. புள்ளி இருக்கிறது, மறுபடி துவை என்று பையில் சீட்டு வைத்து அனுப்புவார். நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அந்தச் சீட்டுகள் பிஸ்கட் டப்பாவில் அப்படியே இருந்தன. வக்கீலம்மாவிடம் கொடுத்தேன்.

‘மாடியில் காயப்போடாதே, எங்கள் ஆலைக் கரி விழுகிறது, எத்தனை தடவை சொல்வது’ என்று மேனேஜரே எழுதி, ஆபீஸ் பழக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தார்! கோர்ட்டில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் வெளியே வந்து, “உன் குப்பை டப்பாதாம்மா கேஸை ஜெயிச்சிருக்கு” என்று கட்டிக்கொண்டாள்.

வடிகட்டி பொருத்தும்வரை உலை எரியக் கூடாது என்பது தீர்ப்பு. ஆலையில் உலை எரிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரை யாருக்கும் சம்பளம் நிற்காது என்று தீர்ப்பில் இருப்பதை மகள் வாசித்துக் காட்டியதும், “எனக்கும்தாங்க்கா ராப்பகலா இருமல்” என்றார்.

பதினோரு நாளாக ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. நேற்று காயப்போட்ட விரிப்பை மாலையில் எடுத்தால் வெள்ளை வெளேர். நம்பாமல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மேனேஜர் இந்த வாரமும் ஆறு சட்டை அனுப்பியிருக்கிறார். சீட்டு மட்டும் இல்லை.

நான் சமாளித்துக்கொள்கிறேன், கவலை வேண்டாம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். அத்தனையும் பொய். சாப்பிடும்போதுகூட உங்களிடம் பேச வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

டாக்டரைக் கேட்டேன். முதலில் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கட்டும் என்றார். அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நீங்கள் ஒரு வாரத்துக்கென்று இரண்டு சட்டையோடு வந்து நிற்காதீர்கள். கொழுந்தனார் வீட்டுக் கொடியில் உங்கள் துணி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அழுக்கானாலும் பரவாயில்லை, மொத்தத்தையும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி